அன்னம்மாக்கா சோபா

சோபா வாசலில் மாட்டிக்கொண்டபோது மணி ஒன்பதரை. அறவாரியத்து ஆபீசர் அம்மா பதினொரு மணிக்கு வருகிறார்.

பாதி சோபா வீட்டுக்குள், பாதி வெளியே. உள்ளேயிருந்து இழுத்த நல்லசாமிக்கு வெளியே நடப்பது தெரியவில்லை. வெளியேயிருந்து தள்ளிய பக்கத்து வீட்டு சோமுவுக்கு உள்ளே நடப்பது தெரியவில்லை. வழி சொல்ல வேண்டிய கங்காவோ, புருஷனை ஒரு மூச்சும் சோமுவை ஒரு மூச்சும் திட்டிக்கொண்டிருந்தாள்.

"காலைத் தூக்கு, காலை!"

"யாரு காலை, அக்கா?" என்றான் சோமு.

"சோபா காலைடா!"

"அதுக்கு நாலு காலு இருக்கு. எந்தக் காலு?"

நல்லசாமிக்கு வியர்த்துக் கொட்டியது. முப்பது வருஷமாகத் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுகிற ஆள். எத்தனை கனம் தூக்கியிருப்பார்! ஆனால் ஒரு சோபா இப்படிப் பிடிவாதம் பிடித்து அவர் பார்த்ததில்லை.

இந்தச் சோபாவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். தோட்டத்து லயத்து வரிசையில் நாலு வீடு தள்ளி இருக்கிற அன்னம்மாக்காவுக்குச் சொந்தமானது. அவள் மகன் புக்கிட் செந்தோசாவில் வீடு வாங்கியபோது ஆசையாக வாங்கிப் போட்டது. நல்ல ரத்தச் சிவப்பு, முதுகில் தங்க நிறப் பூ. மருமகளுக்கு அந்தச் சிவப்பு பிடிக்கவில்லை, மாமியாருக்கு அனுப்பிவிட்டாள். அன்னம்மாக்கா மேலே சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூடப் பிரிக்கவில்லை. அவள் வீட்டில் அதில் யாரும் உட்கார்ந்தது கிடையாது. பெண் பார்க்க ஆள் வந்தால் அந்த வீட்டுக்குச் சோபா போகும். வெளியூரிலிருந்து பெரிய மனுஷர் யார் வந்தாலும் போகும். அப்படிப் போன ஏதோ ஒரு வீட்டில் கொசுவத்திச் சுருள் பட்டு வலது கைப்பிடியில் வட்டமாக ஒரு சூடு விழுந்துவிட்டது. எந்த வீட்டில் என்று நாலு வருஷமாக விசாரணை நடக்கிறது. இன்றுவரை ஒருத்தரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ராசியான சோபாலா இது," என்று அன்னம்மாக்கா நேற்றே சொல்லிவிட்டாள். "பாலகிருஷ்ணன் மகனுக்கு உபகாரச் சம்பளம் எப்படிக் கெடைச்சுச்சு? இந்தச் சோபாவுல உக்கார வச்சுத்தான். அதுக்கப்புறம் மேட்டு லயத்துல ரெண்டு பிள்ளைங்க. எல்லாம் இதே அறவாரியம். போன வருஷம் செல்லையாவுக்கும் தர்றேன்னு சொன்னேன். 'எங்கிட்டயே தேக்கு நாற்காலி இருக்கு'ன்னு சவடால் விட்டான். என்னாச்சு? அவன் மகனுக்குக் கெடைச்சுச்சா?"

கிடைக்கவில்லைதான்.

நல்லசாமியின் ஒரே மகள் அன்பரசி. பல்கலைக்கழகம் போவதற்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. பினாங்குப் பக்கம் மருந்தியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. போக வழிதான் இல்லை. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற அறவாரியம் ஒன்றுக்கு எழுதிப் போட்டாள். பதில் வந்தது. இந்திரகுமாரி வைரவநாதன் என்ற அதிகாரி நேரில் வீட்டுக்கு வந்து பார்ப்பார் என்று.

வீட்டுக்கு வந்து பார்ப்பது என்றால் புக்கிட் பெலிம்பிங் பக்கத்துத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். வந்தவர்கள் குறை சொல்லாதபடி வீடு இருக்க வேண்டும்.

அதிலும் பெயரைப் பார்த்த உடனேயே கங்கா சொல்லிவிட்டாள், "யாழ்ப்பாணத்து ஆளுங்கங்க. தாத்தா எங்கயாவது கிராணியா இருந்திருப்பாரு."

நல்லசாமியின் அப்பா காலத்தில் தோட்டத்துக் கணக்கெழுதுகிற கிராணி நாற்காலியில் இருப்பார், தொழிலாளி எதிரே நிற்பான். அப்படிப்பட்ட வீட்டுப் பெண் நம் வீடு தேடி வந்து, உட்கார இடமில்லாமல் நிற்பதா? இரண்டு நாளாக அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"அண்ணே, கதவக் கழட்டிருவோம்," என்றான் சோமு.

கழற்றினார்கள். போதவில்லை. சோமு தன் லோரியிலிருந்து கடப்பாரை எடுத்துவந்து நிலைச்சட்டத்தில் ஒரு பக்கத்தைப் பெயர்த்தான். சோபா ஒரு முனகலோடு உள்ளே போய் முன்னறை முழுவதையும் அடைத்துக்கொண்டது. சோமுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெயர்த்த சட்டத்தை நிறுத்தி, நீள நீளமாக ஆறு ஆணி அடித்தான்.

"இனிமே யானை வந்து முட்டுனாலும் அசையாதுண்ணே."

அசையவில்லை. ஆனால் சட்டம் கோணலாக நின்றதால் கதவு பொருந்தவில்லை. "சாயங்காலம் பாத்துக்கலாம்," என்று சொல்லிவிட்டு, கடப்பாரையை லோரியில் போட்டுக்கொண்டு செம்பனை ஏற்றப் போய்விட்டான்.

அதற்குள் லயத்துச் சனம் கிளம்பிவிட்டது. ஒரு வீட்டிலிருந்து டிவி வந்தது. இன்னொரு வீட்டிலிருந்து நின்று சுற்றுகிற காற்றாடி. கோயில் கமிட்டி திருவிழாவுக்கு விரிக்கிற கம்பளத்தைக் கொடுத்தது. யாரும் கேட்டுக் கொடுக்கவில்லை. நம்ம பிள்ளை காரியம் என்று அவர்களாகவே தூக்கிவந்தார்கள். அன்னம்மாக்கா தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கங்காவுக்குப் போட்டுவிட்டாள்.

"வெறுங்கழுத்தோட நிக்காதடி. நான் போயி கண்ணாடி கிளாசுல ஆரஞ்சு தண்ணி கலக்கிக் கொண்டாரேன்."

நல்லசாமி சோபாவைத் தடவிப் பார்த்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு நாள் நினைவுக்கு வந்தது. பையன் நன்றாகப் படிக்கிறான், டவுன் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள் என்று சொல்ல வாத்தியார் ஒருவர் வீடு தேடி வந்தார். வீட்டில் உட்கார ஒரு பலகைகூட இல்லை. வாத்தியார் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று அப்பா வாசலை மறைத்துக்கொண்டு நின்றார். பேச்சை வளர்க்கவும் பயம். "பையன் வரமாட்டான்," என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட்டார். மறு வாரம் நல்லசாமி புல் வெட்டப் போனார். அப்பாவின் மேல் அவருக்குக் கோபம் வந்ததேயில்லை. அந்த இல்லாத பலகையின் மேல்தான் கோபம்.

பத்தேகாலுக்கு அன்பரசி கோலசிலாங்கூரிலிருந்து சான்றிதழ் நகல்களோடு வந்தாள். கதவில்லாத வாசலில் அப்படியே நின்றாள்.

"அப்பா, என்னாப்பா இது?"

"சோபா."

"கண்ணு தெரியுதுப்பா. யாரோடது?"

"இன்னிக்கு நம்மளோடது. உக்காந்து பாரு, மெத்துனு இருக்கு."

அவள் உட்காரவில்லை. தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ அப்பா! அவங்க வர்றதே நம்ம கஷ்டத்தப் பாக்கத்தான். ஃபார்ம்ல சோபா இல்ல, டிவி இல்ல, காத்தாடி இல்லன்னு டிக் பண்ணி சைன் போட்டு அனுப்பிட்டேன். இப்ப வந்து இதெல்லாம் பாத்தா நான் பொய் சொல்லிட்டேன்னு நினைப்பாங்க. உடனே ரிஜெக்ட்தான்!"

நல்லசாமி மகளைப் பார்த்தார். "வீட்டுல ஒண்ணுமே இல்லன்னு நீயே கைப்பட எழுதிக் குடுத்திட்டியா?"

"உண்மையத்தானப்பா எழுதினேன்."

அவருக்குச் சுருக்கென்றது. ஆனால் வருத்தப்படுவதற்கு நேரமில்லை. டிவி குளியலறைக்குப் போனது. காற்றாடி அதன் மேல் போனது. கம்பளத்தைச் சுருட்டிச் சமையலறைக் கூரைச் சட்டத்தில் செருகினார்கள். எல்லாம் போயிற்று, சோபா மட்டும் போகவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ளிப் பார்த்தார்கள். சோமு அடித்த ஆறு ஆணியும் அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றின.

"போர்வையப் போட்டு மூடு," என்றார் நல்லசாமி. "கட்டில்னு சொல்லிக்கலாம்."

"கட்டிலு முன்னறையில எதுக்குக் கெடக்குன்னு கேட்டா?" என்றாள் கங்கா.

"நீ படுத்துக்க. நோயாளி, காத்து வர்ற இடத்துல படுத்திருக்கேன்னு சொல்றேன்."

"எனக்கு என்னா நோவு?"

"அதெல்லாம் சொல்லாத. சும்மா முனகு."

"அப்பா! அம்மாவுக்கு நோவுன்னு நான் ஃபார்ம்ல எழுதவே இல்ல!" என்று அன்பரசி அழாத குறையாகச் சொல்லும்போதே வெளியில் கார் வந்து நின்றது. மணி பத்தே முக்கால்கூட ஆகவில்லை. நல்ல ஆபீசர், நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

இந்திரகுமாரிக்கு ஐம்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி, கையில் குடை. சிரிப்பு என்பதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் மாதிரி முகம். பின்னாலேயே டிரைவர் தேவதாஸ் ஃபைலைத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே எட்டிப் பார்த்தவன், போர்வை மூடிய அந்த நீளமான மேட்டை ஒரு கணம் பார்த்தான். ஃபைலை வைத்துவிட்டு, இருமிக்கொண்டே காருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

"கதவு எங்கே?" என்றார் இந்திரகுமாரி.

வசதியில்லாத வீடு என்று காட்ட வேண்டுமே! நல்லசாமி சட்டென்று, "எங்களுக்குக் கதவெல்லாம் கெடையாதுங்க மேடம்," என்றார்.

கதவு அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது. அதில் அன்பரசி எழுதி ஒட்டிய 'நல்வரவு' அட்டைகூட இருந்தது.

"அது?"

"அது... பக்கத்து வீட்டுக் கதவுங்க."

இந்திரகுமாரி எதையோ எழுதினார். போர்வைக்குள்ளிருந்து கங்கா முனகினாள். கழுத்தில் அன்னம்மாக்காவின் சங்கிலி பளபளத்தது. அன்பரசி பாய்ந்து போய்ப் போர்வையைத் தாயின் கன்னம்வரை இழுத்து மூடினாள்.

"புழுங்குதுடி," என்றாள் கங்கா மெதுவாக.

"முனகும்மா."

"அம்மாவுக்கு என்ன செய்யுது?"

"காய்ச்சல்," என்றார் நல்லசாமி.

"இடுப்பு வலி," என்றாள் கங்கா அதே நேரத்தில்.

மறுபடியும் பேனா ஓடியது. பிறகு அந்த அம்மாள் நாலு பக்கமும் பார்த்துவிட்டுக் கேட்டார், "நான் எங்கே உட்காரலாம்?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதானே இரண்டு நாளாக இத்தனை பாடு! வீட்டில் வேறு எதுவுமில்லை. நல்லசாமி கங்காவைக் காலை ஒதுக்கச் சொல்லி, போர்வையின் ஓரத்தைக் காட்டினார். இந்திரகுமாரி உட்கார்ந்தார். அடியில் பிளாஸ்டிக் கரகரவென்று சத்தம் போட்டது. அதை அமுக்க கங்கா பெரிதாக முனகினாள். இந்திரகுமாரி கொஞ்சம் நகர்ந்தார். மறுபடியும் கரகர, மறுபடியும் முனகல்.

அவர் போர்வையின் நுனியைத் தூக்கினார்.

ரத்தச் சிவப்பு. தங்கப் பூ. கைப்பிடியிலிருந்த சூட்டு வடுவின் மேல் அவர் விரல் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டார். போயிற்று என்று நினைத்தாள் அன்பரசி.

அந்த நேரம் பார்த்துத்தானா அன்னம்மாக்கா வர வேண்டும்! தன் வீட்டில் ஆரஞ்சு தண்ணி கலக்கிக்கொண்டிருந்தவளுக்கு இங்கே நடந்த மாற்றம் எதுவும் தெரியாது. பின்வாசல் வழியாகத் தட்டோடு வந்தவள், சோபாவின் மேல் போர்வையும் போர்வைக்குள் கங்காவும் இருப்பதைப் பார்த்து ஒரு நொடி விழித்தாள். உடனே சமாளித்துக்கொண்டாள்.

"மேடம், நல்லா சாஞ்சு உக்காருங்க! ஓரத்துல ஏன்? நம்ம நல்லசாமி பாத்துப் பாத்து வாங்குன சோபா. எல்லாம் அவன் சம்பாத்தியம்!"

இந்திரகுமாரி நிமிர்ந்து நல்லசாமியைப் பார்த்தார். "அப்படியா? இது உங்கட சொந்த சோபாவா?"

நல்லசாமி மகளைப் பார்த்தார். அன்பரசியின் கண் 'இல்லைன்னு சொல்லுங்கப்பா' என்று கெஞ்சியது. அன்னம்மாக்காவைப் பார்த்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவள், தன் சோபாவைத் தன்னுடையது இல்லை என்று அவர் மானத்துக்காகப் பொய் சொல்லிவிட்டு, தட்டோடு நிற்கிறாள். முன்பின் தெரியாத ஒரு ஆபீசர் முன்னால் அவளைப் பொய்க்காரியாக்க அவருக்கு நாக்கு எழவில்லை. அதற்கும் அடியில் வேறொன்றும் இருந்தது. அவர் அப்பா வாசலை மறைத்துக்கொண்டு நின்றாரே, அந்த வெட்கம்.

"ஆமாங்க மேடம்," என்றார். "எங்க சோபாதாங்க."

இந்திரகுமாரி ஒரே ஒரு வரி எழுதி, ஃபைலை மூடினார். நல்லசாமி சம்பளச் சீட்டுகளை இஸ்திரி போட்டு அடுக்கி வைத்திருந்தார். அவற்றை நீட்டினார்.

"வேண்டாம். பார்க்க வேண்டியதைப் பார்த்திட்டன்."

ஆரஞ்சு தண்ணியைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார். "முடிவு கடிதத்தில் வரும்," என்றார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஃபோன் பேச வேண்டும், எங்கே லைன் கிடைக்கும் என்று கேட்டார். பிள்ளையார் கோயில் வாசலில்தான் கிடைக்கும் என்று அன்னம்மாக்கா கூட்டிக்கொண்டு போனாள்.

வீட்டில் கங்கா எழுந்து உட்கார்ந்து, சங்கிலியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். அன்பரசி போர்வையை மடித்தாள். மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள், திரும்பப் பிரித்து மடித்தாள்.

"பரவால்லப்பா," என்றாள். "ரவாங் ஃபேக்டரிக்கு ஆள் எடுக்குறாங்களாம். காலையில அஞ்சு மணிக்கு பஸ்சு மெயின் ரோட்டுக்கே வருது. நல்ல வேலைதான்."

ஒரு சொல் திட்டியிருந்தால்கூட நல்லசாமி தாங்கியிருப்பார். அவள் குறையே சொல்லவில்லை. தன் அப்பாவைத் தானும் ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை என்று அவருக்கு நினைவு வந்தது. அவ்வளவுதான், செருப்புகூடப் போடாமல் வெளியே ஓடினார்.

ஆபீசர் அம்மாள் கோயில் வாசலில் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கார் பக்கத்தில் டிரைவர் மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றான். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல நல்லசாமிக்குத் தைரியம் வராது. இவனிடம் சொல்லிவிடலாம்.

"தம்பி, மேடத்துகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்கண்ணே."

"அந்தச் சோபா எங்களுது இல்ல தம்பி. நாலு வீடு தள்ளி இருக்கே, அந்த அக்காவோடது. என் பொஞ்சாதிக்கு நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. குளிக்கிற ரூம்புல ஒரு டிவி இருக்கு, அதுவும் எங்களுது இல்ல. கதவு மட்டுந்தான் எங்களுது." மூச்சு வாங்கியது. "எங்க வீட்டுல ஒரு ஆள் வந்தா உக்கார வைக்க ஒண்ணுமே இல்ல தம்பி. அத வாயத் திறந்து சொல்ல வெக்கமா இருந்துச்சு. என் வெக்கத்துக்கு என் பிள்ளை ஏன் பஸ்சு ஏறணும்? அவ ஃபார்ம்ல எழுதுனது எல்லாம் சத்தியம். நான்தான் பொய் சொன்னேன். ரிஜெக்ட் பண்றதா இருந்தா என்னப் பண்ணச் சொல்லுங்க."

சொல்லி முடித்ததும் கண்ணில் தண்ணீர் நின்றது. முப்பது வருஷத்தில் அவர் யாரிடமும் இவ்வளவு பேசியதில்லை.

தேவதாஸ் துணியை உதறித் தோளில் போட்டான். கோயில் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"தெரியும்ணே, இந்தத் தோட்டத்துல நாலு வருஷமா எந்த வீட்டுக்குப் போனாலும் மேடம் இந்தச் சோபாவுலதான் உக்கார்றாங்க, எல்லாரும் எங்க சோபான்னுதான் சொல்றாங்க, போன வருஷம் ஒரே ஒரு வீட்டுல சொந்த நாற்காலி போட்டாங்க, அந்தப் பையனுக்கு மட்டுந்தான் கெடைக்கல."